பள்ளியில் தின்பண்டம்



'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்பது பழமொழி. அது நன்கு மென்று தின்னச் சொன்னதே அன்றி, நொறுக்குத் தீனி தின்னச் சொன்னதன்று. ஆயினும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் நான் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில், இடைவேளை மணி அடித்ததும் மாணவர் கூட்டம் எப்பக்கம் ஓடும் என்பதை நாள்தோறும் கண்டதுண்டு. தொழிற்பேட்டைக்கு விடியற்காலையிலேயே வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகளுள் சிலர் வெறுவயிற்றோடு வருவர். அவர்களுக்கு அன்றைய முதல் உணவே அந்தத் தின்பண்டந்தான். ஆதலால் அதில் என்ன இருக்கிறது என்று கேட்பது நம் கடமையாகும்.

எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டத்தில் மிகுந்திருப்பவை மாவுச்சத்தும் கொழுப்பும் உப்புமே. அவை பசியை அடக்கும். வளரும் உடலுக்கு வேண்டிய அளவு புரதத்தைத் தரமாட்டா. 300 மில்லி லிட்டர் இனிப்புப் பானம் ஒன்றில் 30 கிராம் சர்க்கரை இருக்கக்கூடும். உணவில் சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் அடங்குதல் நன்று என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. ஒரு புட்டியே அவ்வெல்லையைத் தாண்டிவிடுகிறதன்றோ? நிறமும் ஆராயத்தக்கதே. துணிக்குச் சாயமேற்றப் பயன்படும் ரோடமின்-பி என்னும் பொருள் பஞ்சுமிட்டாயில் கலந்திருப்பது ஆய்வில் தெரியவரவே, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அத்தகைய பஞ்சுமிட்டாயின் விற்பனையைத் தடை செய்தது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி உணவகத்திலோ, பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ மாணவருக்கு விற்றலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-இல் விதி வகுத்தது. நல்ல விதியே. ஆனால், பசித்தவன் 51-ஆவது மீட்டருக்கு நடக்கத் தயங்கமாட்டான். தீயதை விலக்குதல் பாதி வேலை. அவ்விடத்தில் நல்லதை வைத்தலே மறுபாதி.

அந்த நல்லதைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் சுண்டலே போதும். 30 கிராம் கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. ஒரு முட்டையில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவே. கடலையை இரவெல்லாம் ஊறவைத்து வேகவைத்தால் எளிதில் செரிக்கும். எலுமிச்சைச் சாறு சிறிது பிழிந்தால், அதிலுள்ள வைட்டமின் சி கடலையின் இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ளத் துணைபுரியும். வளரும் பெண்மக்களுக்கு இது மிகவும் வேண்டுவது. வேகவைத்த வேர்க்கடலை, வாழைப்பழம், கேழ்வரகு அடை, நீர்மோர் ஆகியனவும் இவ்வரிசையில் வைக்கத்தக்கன.

வாயிலில் கூடை வைத்து விற்கும் மூதாட்டியை விரட்டுவதால் பயனில்லை. அவரும் பிழைக்க வேண்டியவரே. எது விலைபோகுமோ அதைத்தான் அவர் நாளையும் கொண்டுவருவார். நீங்கள் சுண்டலைக் கேட்டு வாங்கினால், சுண்டலே வரும். உணவகத்தில் என்ன விற்கலாம் என்று தலைமையாசிரியரிடம் பணிவோடு எடுத்துரைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. உறையிட்ட பண்டமாயின், அதில் அச்சிட்டுள்ள சர்க்கரை, உப்பு, கொழுப்பு ஆகியவற்றின் அளவைப் படித்த பின்னரே காசை நீட்டுங்கள். படிக்கக் கற்றதன் பயன்களுள் அதுவும் ஒன்று.