ஹோஸ் அடைத்தால் மெசின் ஏன் கத்துகிறது?

வானைச் சேர்விஸ் ஸ்டேஷனில் கழுவக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கும்போது ஒரு சத்தத்தைக் கவனித்திருப்பீர்கள். சவர்க்கார நுரையெல்லாம் கழுவி முடிந்தபின், அங்கே வேலை செய்கிற அண்ணா சில்லு வைத்த பெரிய வெக்கியூமை உருட்டிக்கொண்டு வருவார். சீட்டுக்கு அடியில் ஹோசை விடுவார். "ஊ..." என்று ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கும் மெசின், ஹோசின் வாயில் காபெட் ஒட்டிக்கொண்டதும் திடீரென்று "ஈ..." என்று உச்சத்துக்கு ஏறும். விலக்கினால் மறுபடி "ஊ...".

வாய் அடைபட்டு அப்படிக் கத்தும்போது உள்ளே இருக்கும் மோட்டர் கூடுதலாக வேலை செய்கிறதா, குறைவாகவா?

பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "கூடுதலாகத்தான்" என்பார்கள். பாவம், மூச்சுத் திணறித் திணறி உழைக்கிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் மின்சாரம் போகும் பாதையில் ஓர் அம்பியர்மானியைப் பொருத்தினால், மெசின் கத்தும் நேரத்தில் அதன் முள் கீழே இறங்கும். மோட்டர் அப்போது குறைவான மின்சாரத்தையே எடுக்கிறது.

வெக்கியூம் குப்பையை இழுக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் உள்ளே சுழலும் விசிறி காற்றை வெளியே வீசுகிறது, அவ்வளவுதான். அதனால் தொட்டிக்குள் காற்றமுக்கம் குறைகிறது. சேர்விஸ் ஸ்டேஷன்களில் உள்ள பலமான மெசின்களில்கூட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். அந்தக் குறைவை நிரப்ப வெளிக்காற்று ஓடிவருகிறது. வருகிற வழியில் பாசிக்குடா மணலையும் மாமாங்கத் திருவிழாவுக்குப் போய்வந்தபோது சிந்திய கச்சான் கோதையும் தள்ளிக்கொண்டு வருகிறது. விசிறியின் வேலை காற்றை வீசுவது. ஹோஸ் அடைபட்டால் வீசுவதற்குக் காற்று வராது, வேலையும் இல்லை. சைக்கிளில் ஏற்றம் ஏறும்போது சங்கிலி கழன்றால் கால் சட்டென்று இலகுவாகி வேகமாகச் சுற்றுமல்லவா? மோட்டரும் அப்படித்தான் பாரம் குறைந்து பறக்கிறது. வெக்கியூம் மோட்டர் சாதாரணமாகவே நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. பாரம் குறைந்தால் இன்னும் ஏறும். "ஈ..." என்ற சத்தம் அந்த வேகத்தின் சத்தம்.

அப்படியென்றால் நல்லதுதானே, அடைபட்டபடியே ஓடட்டுமே என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் வில்லங்கம் இருக்கிறது. வீட்டு வெக்கியூம்கள் பலவற்றில், குப்பையைக் கொண்டுவந்த அதே காற்று வடிதுணியைத் தாண்டி மோட்டருக்குள்ளேயே புகுந்து அதைக் குளிர்வித்துவிட்டுத்தான் வெளியேறும். காற்று நின்றால் குளிர்ச்சியும் நின்றது. மின்னோட்டம் குறைந்துவிட்டாலும், பிறக்கிற கொஞ்ச வெப்பமும் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சேர்கிறது. ஒரு பொருள் சூடாவது அதில் எவ்வளவு வெப்பம் பிறக்கிறது என்பதை மட்டும் பொறுத்ததல்ல. எவ்வளவு வெளியேறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

மோட்டருக்குள் செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். ஒரு சுற்று மற்றச் சுற்றைத் தொட்டும் மின்சாரம் குறுக்கே பாயாமல் காப்பது, தலைமயிரைவிட மெல்லிய ஒரு காவலிப் பூச்சு. சூடு ஏற ஏற அது கருகி, வெடித்து, உதிரும். பொறியியலாளர்களிடம் இதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் காவலியின் ஆயுள் பாதியாகும். 30 பாகை கூடினால் எட்டில் ஒரு பங்கு! மோட்டர் கருகும் நாளில் மூக்கில் ஏறுகிற அந்தக் காரமான மணம் இந்தப் பூச்சு எரிகிற மணம்தான்.

கூடுதலான மெசின்களில் வெப்பக்காப்பு ஆளி ஒன்று உண்டு. சூடு எல்லை தாண்டினால் அது மின்சாரத்தைத் துண்டிக்கும். மெசின் தானாக நின்று, அரை மணித்தியாலத்தின் பின் தானாக ஓடினால் "பழுது இல்லை, சரியாகிவிட்டது" என்று மகிழ்வார்கள். ஒன்றும் சரியாகவில்லை. அடைப்பு அப்படியே இருக்கிறது.

சேர்விஸ் ஸ்டேஷனில் நனைந்த காபெட்டையும் உறிஞ்ச வேண்டும். மோட்டருக்குள் தண்ணீர் போனால் கதை முடிந்தது. ஆகவே அங்கே பாவிக்கும் மெசின்களில் இரண்டு காற்றோட்டங்களைத் தனித்தனியாக வைத்திருப்பார்கள். குப்பைக் காற்று ஒரு வழியாகப் போகும். மோட்டரைக் குளிர்விக்க இன்னொரு சின்ன விசிறி, பக்கத்துத் துளைகள் வழியாக வெளிக்காற்றை எடுக்கும். தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் ஒரு மிதவைப் பந்து மேலே எழும்பி விசிறிக்குப் போகும் வாயை அடைத்துவிடும். உடனே "ஈ..." என்று சத்தம் வரும். "தண்ணி நிரம்பிட்டுது மனே, ஊத்தணும்" என்று அண்ணா தொட்டியைக் கழற்றுவது அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்.

எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் அதை ஏமாற்ற ஒரு ஆள் உண்டு: சவர்க்கார நுரை. பெரும்பகுதி காற்றாக இருப்பதால் நுரைக்குப் பந்தைத் தூக்கும் பலம் கிடையாது. பந்து கீழேயே கிடக்க, நுரை அதன் பக்கத்தால் நழுவி மேலே போய் விசிறியைத் தொடும். அங்கிருந்து ஈரம் தண்டின் வழியே கசிந்து பேரிங்கை அடைந்தால் கிரீஸ் கரைந்து துருப்பிடிக்கும். பிறகு வரும் சத்தம் வேறு, "கர்ர்..." என்று அரைக்கும். ஷாம்பு கூடுதலாகப் போட்டால் காபெட் கூடுதலாகச் சுத்தமாகும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது நம் மட்டக்களப்புக்கே உரிய விஷயத்துக்கு வருவோம். கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரை எழுவான்கரை ஒரு நீண்ட நிலத்துண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் உப்பு வரும். மோட்டரைக் குளிர்விக்கும் அந்தப் பக்கத்துத் துளைகள் இந்தக் காற்றைத்தான் உள்ளே எடுக்கின்றன. உப்பு காய்ந்து கிடக்கும்வரை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை எடுத்து, கரைந்து, கரைசலாகிவிடும். உப்புக் கரைசல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மட்டக்களப்பில் இரவில் ஈரப்பதன் 75 ஐத் தாண்டுவது வெகு சாதாரணம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் உலர்ந்து, இரவில் மறுபடி நனையும். இப்படி நாள்தோறும் நனைந்து காயும் உப்புப் படலத்தில் மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கசிந்த இடம் சூடாகிக் கருகும். கருகிய காவலி கரியாகும், கரியும் மின்கடத்தி. பிறகு அந்தக் கறுப்புக் கோட்டின் வழியே மின்சாரம் இன்னும் தாராளமாக ஓடும்.

வாவிக்கு அப்பால், படுவான்கரையிலிருந்து வரும் வாகனங்கள் வேறு சாமானைக் கொண்டுவருகின்றன: நெல்லு மூட்டை ஏற்றியிறக்கிய உமித்தூசி. மணல் பாரமானது, தொட்டியின் அடியில் விழுந்துவிடும். உமித்தூசி மிக நுண்ணியது, மிதந்துபோய் வடிதுணியின் துளைகளை அடைக்கும். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து உழவு இயந்திரத்தைச் சுத்தம் செய்த நாளில் வடிதுணியைத் தட்டாமல் விட்டால் அடுத்த நாள் மெசின் காலையிலேயே கத்தத் தொடங்கும்.

மோட்டரைவிட எனக்குக் கூடுதல் பயம் தருவது பிளக்தான். ஒரு மோட்டர் 1,200 உவாற்று என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது எடுப்பது ஏறத்தாழ 5 அம்பியர். உப்புக் காற்றில் பிளக்கின் முள் பச்சை பிடித்து, அந்த இணைப்பில் அரை ஓம் தடை உண்டாகிவிட்டது என்போம். அங்கே பிறக்கும் வெப்பம், மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, தடையாலும் பெருக்கினால் வரும்: 5 × 5 × 0.5, அதாவது 12.5 உவாற்று. பெரிய மெசின்களில் மூன்று மோட்டர் இருக்கும். அப்போது 15 அம்பியர். 15 × 15 × 0.5 என்றால் 112.5 உவாற்று! மின்னோட்டம் மூன்று மடங்கு, வெப்பமோ ஒன்பது மடங்கு. வானொலி திருத்துபவர் ஈயம் உருக்கும் கருவி 25 உவாற்றுதான்.

பியூஸ் காப்பாற்றாதா? காப்பாற்றாது. 13 அம்பியர் பிளக்கின் பியூஸ் 15 அம்பியருக்கு உடனே உருகாது, வெகு நேரம் தாங்கும். அதைவிட முக்கியம், இணைப்பில் தடை கூடினால் மின்னோட்டம் கூடுவதில்லை, கொஞ்சம் குறையத்தான் செய்யும். பியூசுக்கு அங்கே நடப்பது தெரியாது. ட்ரிப் சுவிட்சுக்கும் தெரியாது, அது நிலத்துக்குக் கசியும் மின்சாரத்தைத்தான் பார்க்கும். பிளக்கைச் சுற்றிப் பழுப்பு நிறம், உருகிய பிளாஸ்டிக் மணம் இரண்டில் ஒன்று தெரிந்தால் தொடாமல் பெரியவரைக் கூப்பிடுங்கள். அதுவும் ஈரத் தரையில், நனைந்த கையோடு தொடவே வேண்டாம்.

இதுவரை சொன்னது மெசின் தானாகப் பிடிக்கும் நெருப்பு. நாமே ஊட்டிவிடும் நெருப்பும் உண்டு. சாம்பல் தட்டில் அணைந்ததுபோல் கிடக்கும் சிகரட் துண்டு, சாமி படத்துக்கு முன்னால் கொளுத்திய ஊதுபத்தியின் முனை, பாதி எரிந்த நுளம்புச் சுருள். இவற்றின் தணல் ஹோசுக்குள் போகும்போது காற்று வேகமாக அதன்மேல் அடிக்கிறது, ஊதிவிட்ட தணலாகக் கனிந்துவிடும். போய் விழும் இடமோ நூலும் மயிரும் கடதாசியும் பஞ்சாகச் சேர்ந்த குவியல். அதற்குள் வெப்பம் வெளியேறாது. சுவாலை தெரியாமல் மணிக்கணக்காகப் புகைந்து, எல்லோரும் கடையைப் பூட்டிப் போனபின் எரியத் தொடங்கலாம். வேலை முடிந்ததும் தொட்டியை வெளியே கொட்டிவிட வேண்டும் என்பதற்குச் சுத்தம் மட்டும் காரணமல்ல.

வள்ளத்து இயந்திரத்துக்கு வாங்கிய பெற்றோல் கேன் வானுக்குள் சிந்தியிருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. பெற்றோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் இருந்தாலே பற்றிக்கொள்ளும். காற்றைவிடப் பாரமானதால் தரையோடு தவழும். வெக்கியூமும் தரையில்தான் நிற்கிறது. அதன் மோட்டருக்குள் இரண்டு காபன் பிரஷ்கள் சுழலும் செப்புத் துண்டுகளில் உரசி ஓடும்போது நீலநிறப் பொறிகள் பறப்பது வழக்கமான விஷயம், பழுதல்ல. சாதாரண வெக்கியூமால் பெற்றோல் ஈரத்தை உறிஞ்சவே கூடாது.

1901 இல் ஹியூபர்ட் செசில் பூத் லண்டனில் ஓட்டிய முதல் வெக்கியூமுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. பெற்றோல் இயந்திரம் பொருத்திய குதிரை வண்டியைத் தெருவில் நிறுத்தி, நீண்ட ஹோசை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் விட்டார். இயந்திரம் தெருவில், குப்பை வீட்டில். 1908 இல் காப்புரிமை பெற்ற, அமெரிக்காவின் ஓஹாயோவில் வாழ்ந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர், ஆஸ்துமாவால் துன்பப்பட்ட ஒரு துப்புரவுத் தொழிலாளி. மின்விசிறி மோட்டர், தலையணை உறை, தும்புத்தடிப் பிடி ஆகியவற்றைச் சேர்த்துக் கையில் கொண்டுபோகும் மெசினைச் செய்தார். இப்படித்தான் மோட்டர் புழுதிக்குப் பக்கத்தில் குடிவந்தது. இன்றைய பெரிய சேர்விஸ் ஸ்டேஷன்கள் சில, மோட்டரைத் தனி அறையில் வைத்து, குழாய் வழியாக வாகனம் நிற்கும் இடத்துக்கு ஹோசைக் கொண்டுவருகின்றன. பூத் செய்ததும் அதுதானே!

இனி உங்களுக்கு ஒரு வேலை. வெக்கியூமுக்கு மின்சாரம் கொடுக்கும் நீளமான எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாகச் சுற்றிவைத்தபடியே பாவித்தால் அது சூடாகி உருகக்கூடும். அதே வயரை நிலத்தில் நீட்டி விரித்துவிட்டால் அவ்வளவு சூடாவதில்லை. ஏன்? விடையை எழுதும்போது "சுருட்டினால் மின்னோட்டம் கூடிவிடுகிறது" என்று எழுதாதீர்கள். கூடுவதில்லை.