பியூஸ் காவாத மோட்டார்

வீட்டின் ஒரு மூலையில் சிறு லேத்தோ மில்லிங் இயந்திரமோ வைத்துப் பொழுதுபோக்காகத் தொழில் பழகும் அன்பர்கள் பலர், பியூஸ் இருக்க மோட்டாருக்கு என்ன கேடு என்று கருதுகின்றனர். சுவரிலுள்ள பியூஸ் வீட்டு மின்கம்பிகளைக் காக்க அமைந்தது. மோட்டாரைக் காக்க அன்று.

அரைக் குதிரைத்திறனுள்ள ஒற்றைக்கட்ட மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 4 ஆம்பியர் வாங்கும். உளி இரும்பில் ஆழப் பாய்ந்து மோட்டார் நின்றுவிட்டால், அது ஐந்தாறு மடங்காகும். மின்னோட்டம் 6 மடங்கானால் சுருளில் பிறக்கும் வெப்பமோ 36 மடங்கு! அச்சுடன் சுழலும் விசிறியும் நின்றுபோவதால் சூட்டை ஆற்ற வழியில்லை. 15 ஆம்பியர் பியூஸ் கம்பி இதையும் சிறிது நேரம் தாங்கி நிற்கும்; அதற்குள் சுருள் கருகிவிடும்.

ஆகவேதான் ஸ்டார்ட்டரில் ஓவர்லோட் ரிலே வைக்கிறார்கள். வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிய பட்டை, மின்னோட்டத்தின் சூட்டால் வளைந்து தொடர்பைத் துண்டிக்கிறது. வளையச் சற்று நேரம் பிடிப்பதால், மோட்டார் புறப்படும்போது பாயும் மிகுதியான மின்னோட்டத்தை அது பொறுத்துக்கொள்ளும். ரிலேயின் திருகியை மோட்டார்த் தகட்டில் பொறித்துள்ள ஆம்பியர் அளவுக்கே வைத்தல் வேண்டும். அடிக்கடி துண்டிக்கிறதென்று திருகியை உயர்த்துவோர் உளர். உளி மழுங்கியதா, வெட்டு ஆழமா என்று பார்ப்பதன்றோ முறை?

சில மோட்டார்களின் உள்ளேயே காப்பு அமைந்திருக்கும். சூடு ஆறியதும் அது தானே மீண்டுவிடும், இஃது ஆபத்தானது. சக்கில் சிக்கிய சீவலை எடுக்கக் கை நுழைந்துள்ள வேளையில் இயந்திரம் சுழன்றால் விரல் போய்விடும். கையால் அழுத்தினாலன்றி மீளாத அமைப்பே நன்று. ஆயினும், மோட்டார் நின்றதும் முதலில் சுவிட்சை அணைத்துவிட்டே கைவைக்க வேண்டும்.