சாத்தம் தீவின் மரக்காலை

அந்தமான் தீவுகளின் தலைநகரைப் போட் பிளேயர் என்றே நேயர்கள் அறிவர்; 2024ஆம் ஆண்டிலே அதற்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயரிட்டனர். அந்நகரோடு பாலத்தினால் இணைக்கப்பெற்ற சிறு தீவே சாத்தம். பாலத்தைக் கடப்போர்க்கு முதலில் எட்டுவது வாளின் ஓசை. அடுத்து, பச்சை மரத்தின் மணம். 1883ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்று வனத்திணைக்களத்தினால் நடத்தப்பெறும் அரசாங்க மரக்காலை அங்கேயுளது.

1858இல் ஆங்கிலேயர் அந்தமானிலே கைதிகளைக் குடியேற்றினர். கட்டடங்களுக்கு மரம் வேண்டியிருந்தது. அதனைக் காட்டிலே தறித்தவர்களும் கைதிகளே. தம்மை அடைத்துவைக்கும் குடியேற்றத்துக்குத் தாமே மரம் சுமந்த அம்மனிதரை மறந்து இவ்வாலையின் பழமையைப் புகழ்தல் பொருந்தாது.

யானைகள் இழுத்துவந்த மரங்கள் கடல் வழியாக ஆலையை அடைந்தன. இங்கு பெயர் பெற்றது படாக் என்னும் செந்நிற மரம். நம் நாட்டு வேங்கையும் அதுவும் ஓரினத்தன. மரத்தை வண்டியிலேற்றிப் பட்டைவாளுக்கு முன் தள்ளுவர். பட்டைவாள் என்பது இரு பெருஞ்சில்லுகளின்மேல் ஓயாது ஓடும், பல் வெட்டிய எஃகு நாடா. மெல்லிய நாடாவாதலின் தூளாகப் போகும் மரம் குறைவு. ஆயினும் எந்தப் பக்கத்தை முதலில் அரிவது என்பதை வாளறியாது. வெடிப்பையும் முடிச்சையும் கண்ணால் அளந்து தொழிலாளியே தீர்மானித்தல் வேண்டும். முதல் வெட்டுப் பிழைத்தால் அம்மரம் பிழைத்ததே.

அரிந்த பலகை உடனே உதவாது. உலரும் மரம் ஆண்டுவளையத்தின் வழியே மிகுதியாகவும், குறுக்கே குறைவாகவும் சுருங்கும். அதனாலேயே பலகை வளைகின்றது. இடையிடையே சிறு சட்டங்கள் வைத்துக் காற்றோட அடுக்குவதன் காரணம் இதுவே. அவசரத்தில் வாங்கிய கதவு மாரிகாலத்தில் மூட மறுப்பதை அனுபவித்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1942இலே ஜப்பானியர் வீசிய குண்டினால் உண்டான பள்ளம் ஆலை வளவிலே காட்டப்படுகின்றது. ஆலையின் போக்கையே மாற்றியதோ குண்டன்று, ஒரு தீர்ப்பு. 2002ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்திய உயர் நீதிமன்றம், தீவுவாசிகளின் தேவைக்கன்றி மரம் தறித்தலையும், மரத்தை வெளியே ஏற்றுதலையும் தடுத்தது. தொழிலை நம்பிய குடும்பங்களுக்கு அது பேரிடி. எனினும், ஒரு படாக் முதிர மனிதனின் ஆயுள் போதாது. வாளுக்கோ சில நிமிடங்கள் போதும். அன்று தொட்டு அங்கு அரியப்படுவன தீவுகளின் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் வேண்டிய சட்டங்களும் பலகைகளுமே.