சாவா மூவாப் பணியாட்கள்



உலகில் நடைபெறும் பெரும்பணிகள் பல நம் கண்ணுக்குப் புலப்படாமலே நடைபெறுகின்றன. குழாயைத் திறந்தால் நீர் வருகிறது. விடியற்காலையில் மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றியவரை நாம் காண்பதில்லை. விசையைத் தட்டினால் விளக்கு எரிகிறது. துணை மின்நிலையத்தில் இரவெல்லாம் விழித்திருந்தவரை நாம் அறிவதில்லை. கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய பணியாட்கள் உண்டு. தேர்வு முடிவை அறிய உங்கள் பதிவெண்ணைத் தட்டச்சிடுகிறீர்கள். அடுத்த நொடியில் மதிப்பெண் பட்டியல் திரையில் தோன்றுகிறது. எங்கோ ஒரு கணிப்பொறியில் ஒரு நிரல், கேட்பவர் எப்போது வருவாரோ என்று அல்லும் பகலும் காத்திருந்ததனாலன்றோ அது கைகூடிற்று? திரையில் முகம் காட்டாமல் இவ்வாறு உழைக்கும் நிரல்களையே பின்னணிப் பணிகள் என்கிறோம். அவற்றை ஆளும் முறை யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969ஆம் ஆண்டில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையைத் தோற்றுவித்தனர். அதன் வழியைப் பின்பற்றி 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து நாட்டு மாணவர் லினக்ஸைத் தொடங்கினார். நம் சென்னையிலுள்ள சீ-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் முறைமையும் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்ததே. டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. தமிழில் பயன்படுத்துவதற்கும் அதில் வசதி உண்டு. ஆதலால் இன்று நான் கூறப்போவது கடல் கடந்த செய்தியன்று. உங்கள் பள்ளிக் கணிப்பொறியிலேயே செய்து பார்க்கத்தக்க செய்தியாகும்.

பின்னணிப் பணி நிரலுக்கு யூனிக்ஸ் உலகில் ‘டீமன்’ என்று பெயர். பேய் என்று அஞ்ச வேண்டா! மாக்ஸ்வெல் என்னும் இயற்பியல் அறிஞர், ஓய்வின்றி மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டே இருக்கும் ஒரு சிறு பூதத்தைக் கற்பனை செய்தார். 1960களில் எம்.ஐ.டி. கல்விக் கூடத்தார் அப்பூதத்தை நினைந்து இப்பெயரை இட்டனர்.

பூதமாயினும் நிரலுக்கு இறப்பு உண்டு. நினைவகம் போதாமற் போகலாம். வட்டில் இடம் நிரம்பிவிடலாம். எழுதியவர் எதிர்பாராத ஓர் உள்ளீடு வரலாம். அந்நொடியே நிரல் மாய்கிறது. அதனால் விளையும் தீங்கு சிறிதன்று. எங்கள் பள்ளிப்பட்டு வட்டத்தில் தறி நெய்து வாழும் குடும்பத்துப் பெண் ஒருத்தி, ஒரு கல்லூரிக்கு இணையத்தின் வழியே விண்ணப்பிக்க முயன்றாள். அன்று இரவோடு கெடு முடிகிறது. மாலையில் பணம் புரட்டி வந்த தந்தை அருகில் நிற்கிறார், பக்கமோ திறக்கவில்லை. விண்ணப்பம் பெறும் நிரல் எப்போதோ இறந்துகிடந்தது. மறுநாள் காலை அலுவலர் வந்து பார்க்கும்வரை அதை அறிந்தார் எவருமிலர். நல்லவேளையாகக் கெடுவை ஒருநாள் நீட்டித்தனர். நீட்டித்திராவிடில்? ஒரு நிரலின் சாவு ஒரு மாணவியின் ஓராண்டை விழுங்கியிருக்கும்.

இதற்கு மாற்று என்ன? நம் முன்னோர் கோயில்களில் நந்தா விளக்கு வைத்த முறையை நினைத்துப் பாருங்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில், ஒரு விளக்கு இரவும் பகலும் எரிவதற்காக 96 ஆடுகள் அளிக்கப்பட்ட செய்தியைப் பல இடங்களில் காணலாம். ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவ்வாடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகாதா? மூக்காதா? ஒவ்வோர் ஆடும் மூக்கும், சாகும். ஆயின் இறந்ததன் இடத்தில் குட்டி வளர்ந்து நிற்கும், தொகை குறையாது, விளக்கு அணையாது. பிறப்பு இறப்பு ஆட்டுக்கு, நிலைபேறு அறத்துக்கு.

கணிப்பொறியிலும் இதே ஏற்பாடுதான். இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் எண் உண்டு. 412ஆம் எண்ணுடைய நிரல் இறந்தால், அதே பணிக்கு 987ஆம் எண்ணுடன் வேறொன்று எழுப்பப்படுகிறது. எண் மாறும், பணியின் பெயர் மாறாது. இங்ஙனம் எழுப்பும் பொறுப்பை ஏற்ற நிரலைக் கண்காணி எனலாம். டி. ஜே. பெர்ன்ஸ்டைன் என்பார் 1990களில் ‘டீமன்டூல்ஸ்’ என்ற தொகுப்பை அளித்தார். 2004இல் ‘சூப்பர்வைசர்’ தோன்றிற்று, 2005இல் ஆப்பிள் நிறுவனம் ‘லாஞ்ச்-டி’யை வெளியிட்டது, 2010இல் ‘சிஸ்டம்-டி’ வந்தது. டெபியன் தனது 8ஆம் பதிப்பில், 2015இல், சிஸ்டம்-டியை ஏற்றுக்கொண்டது.

நிரல் இறந்ததைக் கண்காணி எவ்வாறு அறிகிறது? யூனிக்ஸில் ஒரு நிரல் மற்றொன்றைத் தொடங்கினால், முன்னது தாய், பின்னது சேய். சேய் இறந்ததும் கருவகம் தாய்க்குச் செய்தி அனுப்புகிறது. ஆகவே கண்காணியே பணியைத் தன் சேயாகத் தொடங்கி வைத்திருக்கும். இதனாலேயே, சூப்பர்வைசரின் கீழ் வைக்கும் நிரல் தானாகப் பின்னணிக்கு நழுவிச் செல்லக் கூடாது என்பது விதி. தாயின் கையை உதறி ஓடிய பிள்ளையைத் தாய் எங்ஙனம் காப்பாள்?

இனி ஆளும் முறையைக் காண்போம். கண்காணியிடம் நாம் பேசும் இடம் கட்டளை வரி. சூப்பர்வைசருக்குச் ‘சூப்பர்வைசர்-சி-டி-எல்’ என்றும், சிஸ்டம்-டிக்குச் ‘சிஸ்டம்-சி-டி-எல்’ என்றும் தட்டச்சிட்டு, அதன்பின் வினையையும் பணியின் பெயரையும் தர வேண்டும். ‘ஸ்டேட்டஸ்’ என்றால் நிலைமையைக் கூறும், ‘ஸ்டார்ட்’ தொடங்கும், ‘ஸ்டாப்’ நிறுத்தும், ‘ரீஸ்டார்ட்’ நிறுத்தித் தொடங்கும். இந்நான்கும் முதற்பாடம். சிஸ்டம்-டியில் ‘எனேபிள்’ என்றொரு வினையும் உண்டு. ஸ்டார்ட் என்பது இப்போதே தொடங்கு என்பது. எனேபிள் என்பது கணிப்பொறி ஒவ்வொரு முறை எழும்போதும் தொடங்கு என்பது. ஒன்றைச் செய்தால் மற்றது தானே நிகழாது. மின்தடை நீங்கிய பின் பணி எழாமல் கிடந்தால், முதலில் இந்த வேற்றுமையை நினையுங்கள்.

நிறுத்துவதிலும் ஒரு நாகரிகம் இருக்கிறது. கண்காணி முதலில் ‘டெர்ம்’ என்னும் 15ஆம் எண் சைகையை அனுப்பும். ‘கையிலுள்ள கணக்கை முடித்து, ஏட்டை மூடிவிட்டு வா’ என்பது அதன் பொருள். வழக்கமான அமைப்பில் சூப்பர்வைசர் 10 நொடிகளும், சிஸ்டம்-டி 90 நொடிகளும் பொறுத்திருக்கும். அதன் பின்னும் நிரல் அடங்காவிட்டால் ‘கில்’ என்னும் 9ஆம் எண் சைகை பாயும். அதை எந்த நிரலாலும் மறுக்க இயலாது. பாதியில் எழுதிய ஏடு பாதியிலேயே நின்றுவிடும். எடுத்த எடுப்பில் 9ஐ ஏவுவோர் இதனை உணர்தல் வேண்டும்.

பணி எவ்வாறு நடக்க வேண்டும் என்பது அமைவுக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அக்கோப்பைத் திருத்தியபின் ரீஸ்டார்ட் மட்டும் செய்தால், சூப்பர்வைசர் பழைய விதிப்படியே பணியை எழுப்பும். ‘ரீ-ரீட்’ என்றால் கோப்பைப் படித்து மாற்றங்களைக் கூறும். ‘அப்டேட்’ என்றால்தான் அவற்றை நடைமுறைக்குக் கொணரும். சிஸ்டம்-டியில் ‘டீமன்-ரீலோட்’ செய்து, பிறகு பணியை மீண்டும் தொடங்க வேண்டும். இன்னொன்று: இறந்த பணியை எழுப்புக என்று கோப்பில் வெளிப்படையாக எழுதினாலன்றிச் சிஸ்டம்-டி அதை எழுப்பாது.

எழுப்புதல் நன்று, ஓயாமல் எழுப்புதல் நன்றோ? எங்கள் பக்கத்துப் பொதட்டூர்ப்பேட்டையில் விசைத்தறிகள் ஓடுகின்றன. ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்வார். இழை அறுந்தால் முடிந்து, தறியை மீண்டும் ஓட்டுவார். ஒரே இடத்தில் இழை மீண்டும் மீண்டும் அறுந்தால் அனுபவமுள்ளவர் தறியை நிறுத்திவிட்டு நூலைச் சோதிப்பார். கண்காணிக்கும் அவ்வறிவு தரப்பட்டிருக்கிறது. தொடங்கிய பணி ஒரு நொடியேனும் நிலைக்காவிட்டால், சூப்பர்வைசர் சற்றே இடைவெளி விட்டு மேலும் 3 முறை முயன்று பார்த்து, ‘ஃபேட்டல்’ என்று அறிவித்துக் கைவிடும். சிஸ்டம்-டி 10 நொடிகளுக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க மறுக்கும். அவ்வறிவிப்பைக் கண்டதும் சினந்து ஸ்டார்ட் என்று மேலும் மேலும் தட்டுவதால் பயனில்லை. பதிவேட்டைப் படிக்க வேண்டும். சூப்பர்வைசரில் ‘டெய்ல்’ என்பதும், சிஸ்டம்-டியில் ‘ஜர்னல்-சி-டி-எல்’ என்பதும் அந்தப் பதிவேட்டைத் திறக்கும் திறவுகோல்கள். இறந்தவன் இறுதியாகச் சொன்ன சொல் அங்கேதான் இருக்கும்.

முடிவாக ஓர் எச்சரிக்கை. ‘ரன்னிங்’ என்று கண்காணி கூறுவது, நிரல் உயிரோடிருக்கிறது என்பதற்குச் சான்று. வேலை செய்கிறது என்பதற்குச் சான்றன்று. வருகைப் பதிவேட்டில் உள்ளான் என்று குறிக்கப்பெற்ற மாணவன், உடலால் வகுப்பிலும் உள்ளத்தால் மாந்தோப்பிலும் இருப்பதை நான் பல்லாண்டு கண்டிருக்கிறேன்! நிரலும் எதற்கோ காத்து மயங்கி நிற்கக்கூடும். ஆதலால் பொறுப்புடையவர் நிலைமையைக் கேட்பதோடு அமையாமல், பயன்படுத்துவோர் இடத்தில் தாமே அமர்ந்து, பக்கம் திறக்கிறதா, விண்ணப்பம் செல்கிறதா என்று சோதித்தறிவர்.

மாணவர்களே, ஆசிரியரின் இசைவு பெற்று, ஆய்வகத்தில் ஒரு சிறு நிரலைக் கண்காணியின் கீழ் வையுங்கள். அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, வேண்டுமென்றே 9ஆம் சைகையால் அதை வீழ்த்துங்கள். பிறகு ஸ்டேட்டஸ் கேளுங்கள். புதிய எண்ணுடன் அது எழுந்து நிற்பதைக் காண்பீர்கள். எழாவிட்டாலோ பாடம் இன்னும் நன்றாக நடக்கும். ஏனெனில் அப்போது நீங்கள் பதிவேட்டைப் படிப்பீர்கள்.