ஞாயிற்றின் சீற்றமும் துருவ வானின் ஒளியும்

பொழுது புலருமுன் பெரட்டுக்குச் செல்லும் தோட்ட மக்களுக்கு வானம் புதியதன்று. இன்று மரம் வெட்ட இயலுமா, மழை வந்து பாலைக் கெடுத்துவிடுமா என்பதை அண்ணாந்து பார்த்தே சொல்லக் கூடியவர்கள் நம்மிடையே பலர். அந்த மழை மேகங்களுக்கு வெகு அப்பால், ஞாயிற்றிலிருந்தும் ஒருவகைப் புயல் கிளம்பிப் பூமியை வந்தடைவதுண்டு. 2024 மே 10, 11ஆம் நாள்களில் அத்தகைய கடும் புயல் வந்தபோது, உலகின் பல நாடுகளில் இரவு வானம் பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிர்ந்தது. அவ்வொளி நம் நாட்டிலும் தெரியுமா? அதனால் நமக்குத் தீங்கு உண்டா? இவற்றை அறிந்துகொள்வது நலம்.

சுடர்வெடிப்பு என்பது யாது?

ஞாயிற்றின் மேற்பரப்பில் காந்த ஆற்றல் செறிந்த இடங்கள் கரும்புள்ளிகளாகத் தோன்றுகின்றன. அவ்வாற்றல் முறுக்கேறித் திடீரென விடுபடும்போது சுடர்வெடிப்பு நிகழ்கிறது. அதன் ஒளி, ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டரைக் கடந்து, எட்டு நிமிடங்களில் நம்மை எட்டுகிறது. சில வேளைகளில் மின்னூட்டம் பெற்ற துகள்களும் பெருந்திரளாக வீசப்படுகின்றன. அத்திரள் பூமியை அடையப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள்கள் வரை ஆகும். கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகி உச்சத்தை அடைகின்றன. 2024ஆம் ஆண்டு அத்தகைய உச்சக் காலமாகும்.

வானம் ஒளிர்வது எவ்வாறு?

பூமி ஒரு பெருங்காந்தம். மரத்தில் வெட்டிய கோட்டின் வழியே பால் வழிந்து மங்கில் சேர்வதைப் போல, இத்துகள்கள் காந்த விசைக் கோடுகளின் வழியே துருவப் பகுதிகளின் மேல்வானில் இறங்குகின்றன. நூறு கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் காற்றின் அணுக்களோடு மோதி அவற்றை ஒளிரச் செய்கின்றன. உயிர்வளி பச்சை நிறத்தையும், இன்னும் உயரத்தில் செந்நிறத்தையும் தருகிறது. நைட்ரஜன் நீலமும் ஊதாவும் தருகிறது. விளம்பரப் பலகைகளின் நியோன் குழலில் மின்சாரம் பாயும்போது வாயு ஒளிர்வதும் இம்முறையிலேதான்.

நம் நாட்டில் தெரியுமா?

நார்வே, ஐஸ்லாந்து, அலாஸ்கா முதலிய இடங்களில் துருவ ஒளி அடிக்கடி தோன்றும். கடும் புயலின்போது அது தெற்கே வெகுதூரம் பரவும். 1859 செப்டம்பரில் கியூபாவிலும், 2024 மே மாதத்தில் இந்தியாவின் லடாக் பகுதியிலுள்ள ஹன்லேயிலும் காணப்பட்டது. மலேசியாவோ நிலநடுக்கோட்டிற்கும் காந்த நடுக்கோட்டிற்கும் அருகில் உள்ளது. எனவே இங்கே அதனைக் காணும் வாய்ப்பு இல்லையென்றே கொள்ளலாம். "இன்றிரவு நம் தோட்டத்தில் தெரியும்" என்று எவரேனும் கூறினால், அதற்காகக் கண்விழித்து மறுநாள் வேலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கியூபெக் கற்பித்த பாடம்

ஒளி அழகியது, புயலோ சில வேளைகளில் இடர் தருவது. 1989 மார்ச் 13ஆம் நாள் அதிகாலையில், கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மின் கட்டமைப்பு முழுவதும் இரண்டு நிமிடத்திற்குள் செயலிழந்தது. பூமியின் காந்தப்புலம் அதிர்ந்ததால் நிலத்தில் மின்னோட்டம் தூண்டப்பட்டது. அப்பகுதியின் கடும்பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆகவே அம்மின்னோட்டம் நீண்ட மின்கம்பிகளை நாடிற்று. அறுபது லட்சம் மக்கள் சுமார் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். அதன்பின் அங்கே பாதுகாப்பு ஏற்பாடுகள் வலுப்படுத்தப்பட்டன. 2024இல் அதைப் போன்ற பெரும் மின்தடை நிகழவில்லை. ஆயினும் செயற்கைக்கோள் வழிகாட்டுதலால் இயங்கும் அமெரிக்க டிராக்டர்கள் தடுமாறியதால், விதைப்புக் காலத்தில் உழவர் சிலர் பணியை நிறுத்த நேர்ந்தது.

நாம் செய்ய வேண்டுவன

பூமியின் காற்று மண்டலமும் காந்தப்புலமும் தரையில் வாழ்வோரைக் காக்கின்றன. "கதிர்கள் உடலைத் தாக்கும், இரவில் கைப்பேசியை அணைத்துவிடுங்கள்" என்று வரும் செய்திகளில் உண்மை இல்லை. அவற்றைப் பிறருக்கு அனுப்பிப் பீதியைப் பரப்புதல் தகாது. நம் வட்டாரத்தில் சிற்றலை வானொலியும் செயற்கைக்கோள் குறிகளும் சிறிது நேரம் தடைபடலாம், அவ்வளவே.

உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. கரும்புள்ளியைக் காணும் ஆவலில் பிள்ளைகள் வெறுங்கண்ணால் ஞாயிற்றை உற்றுநோக்கினால் பார்வை கெடும். பெற்றோர் இதனைத் தம் மக்களுக்கு இன்றே எடுத்துரைத்தல் வேண்டும். காரணம் அறிந்தவனுக்கு வானத்தின் ஒளி வியப்பைத் தரும். அறியாதவனுக்கோ அச்சத்தையே தரும்.