பனிமூட்டத்தில் விளைந்த சாலை

நமீபியாவின் வடமேற்கில் ஸ்கெலிட்டன் கோஸ்ட், அதாவது எலும்புக்கூட்டுக் கடற்கரை என்றொரு பகுதி இருக்கு. ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் நமீப் பாலைவனம். கடலை ஒட்டியே பாலைவனம் எப்படி வரும்? அதைத் தேடப் போனதில்தான் மற்றதெல்லாம் பிடிபட்டது.

காரணம் பெங்குவேலா என்கிற குளிர்ந்த நீரோட்டம். அதன் மேலுள்ள காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிடும். மேலே எழும்பினால்தானே மழை? இங்கே ஈரம் பனிமூட்டத்தோடு நின்றுவிடுகிறது.

மூட்டம், நீரோட்டம், மணல்திட்டு மூன்றும் சேர்ந்து பல கப்பல்களைக் காவு வாங்கின. 1942 நவம்பரில் டனடின் ஸ்டார் என்ற பிரிட்டிஷ் கப்பல் இங்கே தரைதட்டியது. அதிலிருந்த 106 பேரும் பிழைத்தார்கள். ஆனால் மீட்கப்போன இழுவைக் கப்பலும் கரைதட்டி, அதிலிருந்த இருவர் இறந்துபோனார்கள். விண்ட்ஹூக்கிலிருந்து தரைவழியாகப் போன வாகனங்கள் மணலில் புதைந்து புதைந்துதான் போய்ச் சேர்ந்தன.

இன்று தெற்குப் பகுதியில் காரிலேயே போகலாம். என்னை அசத்தியது அந்தச் சாலைதான். பல இடங்களில் தார் இல்லை, ஜிப்சம் கலந்த சரளையில் உப்புநீரைத் தெளித்து இறுக்கியிருக்கிறார்கள். மூட்டத்தின் ஈரம் அதைக் கெட்டியாகவே வைத்திருக்கும். ஆனால் அதிகம் நனைந்தால் வழுக்கும், வேகம் கூடாது.

ஸ்வகோப்முண்டிலிருந்து வடக்கே சுமார் 120 கி.மீ. போனால் கேப் கிராஸ். 1486இல் போர்த்துகீசிய மாலுமி தியோகு காவ் கல்சிலுவை நட்ட இடம். அங்கே பல்லாயிரம் கடல்நாய்கள் கூடும். நாற்றம் தூரத்திலேயே வந்துவிடும். நவம்பர், டிசம்பரில் குட்டி போடும் காலம், நரிகளும் பழுப்புக் கழுதைப்புலிகளும் சுற்றிவரும். இன்னும் வடக்கே, பாலைச் சிங்கங்களே கரைக்கு வந்து கடல்நாயை வேட்டையாடுகின்றன. மழையில்லாத இடத்தில் சோறு போடுவது கடல்தான்!

உகாப் ஆற்றருகே தேசியப் பூங்கா வாசல், கதவில் மண்டையோடு. கடந்து மட்டும் போகிறவர்கள் அனுமதிச்சீட்டு வாங்கி அன்றே வெளியேற வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சாலையை விட்டு வண்டியை இறக்காதீங்க. மழை வந்து அழிக்காததால் சரளைத் தரையில் டயர் தடம் பல பத்தாண்டுகள் நிற்கும். அங்கே பூத்தாற்போலக் கிடக்கும் லைக்கன்கள் மூட்டத்தைக் குடித்து மிக மெதுவாக வளர்பவை. ஒரு போட்டோவுக்காக நாம் நசுக்குவது, நம் ஆயுளுக்குள் திரும்ப முளைக்காமலே போகலாம்.