சிநேகிதியுடன் வடகோடிக்கு!

சிநேகிதியுடன் காரில் கானடாவின் வடகோடிக்குப் போக ஆசையா? சாமான்களைப் பிறகு அடுக்கலாம். முதலில் நாள் பாருங்கள்.

டாஸன் நகருக்கருகே பிரிந்து இனுவிக் போகும் டெம்ப்ஸ்டர் சாலை, 1979-ல் திறக்கப்பட்டது. சுமார் 460 மைல். பெரும்பாலும் சரளைக்கல். கூரான கற்கள் டயரைப் பதம் பார்த்துவிடும்; ஸ்பேர் டயர் இரண்டு வேண்டும். கிளம்பினால் அடுத்த பெட்ரோல் ஏறக்குறைய 230 மைலுக்கப்பால், ஈகிள் பிளெயின்ஸில்தான்!

வழியிலுள்ள பீல், மெக்கன்ஸி நதிகளுக்குப் பாலம் கிடையாது. கோடையில் காரைப் படகு ஏற்றிச் செல்லும். குளிர்காலத்தில் உறைந்த நதிமேலேயே கார் ஓடும். நதி உறையும்போதும் பனி உடையும்போதும் இரண்டும் இல்லை. வாரக்கணக்கில் கரையில் உட்கார வேண்டியதுதான்.

அங்கேதான் சிநேகிதம் தள்ளாடும்! லீவு முடிகிறதே என்று ஒருவர் துடிப்பார். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்பார் மற்றவர். எந்த நாளோடு திரும்புவது என்பதை வீட்டிலேயே பேசி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.